புத்தர் என்ன சொன்னார், நாம் என்ன சொல்ல வைத்தோம்?

நொச்சி எழுதியது:

நம் ஊரில் புத்தர் என்றால் மூன்று வரிதான். நள்ளிரவில் மனைவி பிள்ளையை விட்டுவிட்டு அரண்மனையை விட்டுப் போனவர். ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்றவர். எறும்பைக்கூட மிதிக்காதே என்றவர். பள்ளிப் புத்தகத்தில் ஒரு பக்கம், அதற்கு ஐந்து மதிப்பெண், அதோடு சரி. மிச்சமெல்லாம் தாமரைப் படத்தோடு வாட்ஸ்அப்பில் வரும் காலை வணக்கப் பொன்மொழிகள்.

பாலி மொழியில் உள்ள பழைய பௌத்த நூல்களைத் திறந்தால் அங்கே இருப்பவர் வேறு ஆள். 35 வயதில் ஞானம் பெற்று, 80 வயதில் குசினாராவில் கண்மூடும் வரை 45 வருடம் ஊர் ஊராக நடந்து பேசியவர். பிராமணர், வணிகர், அரசர், வேறு சமயத் துறவி என்று யார் வந்தாலும் கேள்விக்குக் கேள்வி கேட்பார். சில இடங்களில் கிண்டலும் உண்டு. நாம் வரவேற்பறையில் வைத்திருக்கும் அந்தப் பேசாத சிலைக்கும் இவருக்கும் ரொம்ப தூரம்.

அந்த நள்ளிரவுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கலாம். குதிரை, தேரோட்டி சன்னன், தூங்கும் மனைவி எல்லாம் பிற்கால வரலாற்று நூல்களில் வளர்ந்தவை. அவர் உரைகளின் பழைய பாலித் தொகுப்புகளில் ஒன்றான மஜ்ஜிம நிகாயத்தில் புத்தர் தன் கதையைத் தானே சொல்கிறார்: தலைமுடி கறுத்திருந்த இளவயதில், தாயும் தந்தையும் வேண்டாமென்று கண்ணீர் வடித்து அழுதுகொண்டிருக்க, முடியையும் தாடியையும் மழித்துவிட்டுக் காவி உடுத்திப் புறப்பட்டேன் என்கிறார். அழுதுகொண்டு நிற்பவர்களின் கண் எதிரே கிளம்பியவர் எப்படி ஒளிந்து ஓடியவர் ஆவார்?

கிழவர், நோயாளி, பிணம், துறவி என்ற நான்கு காட்சிகள்கூட தீக நிகாயத்தில் விபஸ்ஸி என்ற முந்தைய புத்தரின் கதையாகத்தான் விரிவாக வருகின்றன. அப்புறம்தான் அது சித்தார்த்தருக்கு வந்து ஒட்டிக்கொண்டது. அவர் தந்தை சுத்தோதனரும் சினிமா மகாராஜா இல்லை. சாக்கியர்கள் கோசல அரசுக்கு அடங்கிய ஒரு குலம், சபை கூடி முடிவெடுப்பவர்கள். அந்தத் தலைவர்களில் அவர் ஒருவர்.

நான் பௌத்தன் இல்லை, மதம் மாற்றவும் வரவில்லை. கேள்வி இருந்தால் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

மோர்க்குழம்பு எழுதியது:

அண்ணா, ஆசையே துன்பத்துக்குக் காரணம் என்பதுமா தப்பு? அதை எழுதித்தானே நான் மார்க் வாங்கினேன். எனக்கு அப்போதே ஒரு சந்தேகம். ஆசையை ஒழிக்க வேண்டும் என்று நினைப்பதும் ஓர் ஆசைதானே?

நொச்சி எழுதியது:

இதே கேள்வியைக் கோசாம்பியில் உண்ணாபர் என்ற பிராமணர் புத்தரின் சீடர் ஆனந்தரிடம் கேட்டிருக்கிறார். ஆசையைக் கொண்டு ஆசையை ஒழிப்பதென்றால் இது முடியவே முடியாதே என்கிறார். ஆனந்தர் திருப்பிக் கேட்கிறார்: "இந்தத் தோட்டத்துக்கு வர வேண்டும் என்ற விருப்பம் உமக்கு இருந்ததா?" இருந்தது. "வந்து சேர்ந்த பிறகு?" அடங்கிவிட்டது. வர வேண்டும் என்று எடுத்த முயற்சி? அதுவும் அடங்கிவிட்டது. பிராமணருக்கு அதற்கு மேல் கேட்க ஒன்றும் இல்லை.

சாரநாத்தின் முதல் உரையில் துன்பத்துக்குக் காரணமாக அவர் சொல்லும் வேட்கை மூன்று வகை. புலன் இன்பத்தை நாடுவது, இன்னும் இன்னும் இருந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது, இல்லாமலே போய்விட வேண்டும் என்பது. மூன்றாவதைக் கவனியுங்கள். எல்லாவற்றையும் விட்டு ஒழிந்துபோனால் தேவலை என்ற சலிப்பையும் அவர் வேட்கைக் கணக்கில்தான் எழுதுகிறார். ஒன்றும் வேண்டாம் என்று மூலையில் உட்காருவதைப் பௌத்தம் என்று நினைப்பவர்கள் இந்த இடத்தைப் படித்தால் போதும்.

செங்கழுநீர் எழுதியது:

தமிழிலேயே இதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, எங்கேயும் போக வேண்டாம். மணிமேகலையின் கடைசிக் காதையில் பௌத்தத் துறவி அறவண அடிகள் பன்னிரு சார்புகளைச் சொல்கிறார்: பேதைமை, செய்கை, உணர்வு, அருவுரு, வாயில், ஊறு, நுகர்வு, வேட்கை, பற்று, பவம், தோற்றம், வினைப்பயன். வேட்கை எட்டாவதாகத்தான் வருகிறது. தலைமாட்டில் உட்கார்ந்திருப்பது பேதைமை. ஒன்றைச் சார்ந்து ஒன்று தோன்றும், ஒன்று அற்றால் அடுத்தது அறும் என்பதுதான் பாடம். நாம் எட்டாவது கண்ணியை மட்டும் கழற்றி எடுத்துக்கொண்டு அதையே முழுச் சங்கிலி என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம். பதினைந்து வருடமாகத் தமிழ் வகுப்பு எடுக்கிறேன், அந்தக் காதை வரைக்கும் பாடத்திட்டம் போனதே கிடையாது.

இன்னொன்று, பௌத்தம் உலகத்தைக் கைவிடச் சொல்லும் சமயம் என்பார்கள். அந்தக் காப்பியத்தின் நாயகி செய்வதெல்லாம் பசித்தவர்களுக்குச் சோறு போடுவதுதான். அரசனிடம் வரம் கேட்டுச் சிறைச்சாலையை அறச்சாலையாக்குகிறாள்.

இரவுப்பணி எழுதியது:

எங்கள் அலுவலக வரவேற்பில் தொப்பை புத்தர் ஒருவர் இருக்கிறார். தொப்பையைத் தடவினால் சம்பளம் ஏறுமாம். மூன்று வருடமாகத் தடவுகிறேன் 😀

நொச்சி எழுதியது:

அவர் புத்தரே இல்லை. புடாய் என்று ஒரு சீனத் துறவி, 10ஆம் நூற்றாண்டு ஆள். துணிமூட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ஊர் சுற்றியவர். இனி வரப்போகும் புத்தரான மைத்ரேயரின் அவதாரம் என்று சீனர்கள் கொண்டாடினார்கள். ஜப்பானில் ஹோதெய், ஏழு அதிர்ஷ்ட தெய்வங்களில் ஒருவர். சம்பளத்துக்கு மனிதவளத் துறையைப் பாருங்கள்.

இரவுப்பணி எழுதியது:

சரி, இப்போது நிஜமான கேள்வி. என் தங்கைக்குப் புற்றுநோய் சிகிச்சை நடந்தபோது பார்க்க வந்த ஒருவர், போன பிறவிக் கர்மா, அனுபவித்துத்தான் தீர வேண்டும், புத்தரே சொல்லியிருக்கிறார் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. அப்படித்தான் சொன்னாரா?

நொச்சி எழுதியது:

இல்லை. நேர் எதிராகச் சொல்லியிருக்கிறார்.

சம்யுத்த நிகாயத்தில் மோலிய சீவகன் என்ற துறவி வந்து, மனிதன் அனுபவிக்கும் இன்பம் துன்பம் எல்லாமே முன்வினைப் பயன்தான் என்று சிலர் சொல்கிறார்களே, உங்கள் கருத்து என்ன என்று கேட்கிறார். புத்தர் விரல் விட்டு எண்ணுவதுபோல அடுக்குகிறார். பித்தத்தால் வரும் வேதனை உண்டு. சிலேத்துமத்தால் வருவது உண்டு. வாதத்தால் வருவது உண்டு. மூன்றும் கூடி வருவது உண்டு. பருவம் மாறுவதால் வருவது, உடம்பைத் தாறுமாறாக வைத்துக்கொள்வதால் வருவது, அடுத்தவர் தாக்கி வருவது. எல்லாம் சொல்லி முடித்து எட்டாவதாகத்தான் வினைப்பயன். இது நீங்களே பார்த்துத் தெரிந்துகொள்ளக் கூடியது, உலகமும் ஒப்புக்கொள்வது. எல்லாமே முன்வினை என்பவர்கள் தாங்களே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகிறார்கள் என்று முடிக்கிறார்.

நம் பாட்டிமார் பேசும் பித்தம், கபம், வாதம்தான். ஒரு நாட்டு வைத்தியர் சொல்வதுபோல இருக்கும் இந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேறோர் இடத்தில் எண்ணத்தைத்தான் வினை என்கிறேன் என்கிறார். அதாவது அவர் பேச்சு, இப்போது என்ன நினைத்து என்ன செய்கிறாய் என்பதைப் பற்றி. தலையெழுத்தைப் பற்றி அல்ல. உங்கள் தங்கையிடம் அப்படிச் சொன்னவர் புத்தரைச் சாட்சிக்கு இழுத்தது அநியாயம். தங்கை இப்போது நலமா?

இரவுப்பணி எழுதியது:

நலம் அண்ணா. பரிசோதனைக்கு மட்டும் போய் வருகிறாள். நீங்கள் எழுதியதை அப்படியே அவளுக்கு அனுப்பிவிட்டேன்.

கல்தச்சன் எழுதியது:

இத்தனை சுற்று எதற்கு? புத்தர் ஒரு பகுத்தறிவாளர், நாத்திகர். கடவுள் இல்லை என்றார், எதையும் சோதித்துப் பார்த்து உன் அறிவுக்குச் சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள் என்றார். பிறகு வந்தவர்கள்தான் அவரைச் சாமியாக்கிவிட்டார்கள்.

நொச்சி எழுதியது:

தோழர், பாதி சரி. உலகைப் படைத்துக் காக்கும் ஒருவர் அவர் போதனையில் இல்லை. ஆனால் தேவர்கள் நிறையவே இருக்கிறார்கள். இந்திரன் வருவான், பிரம்மா வருவார். ஒரே வித்தியாசம், அவர்களும் இறப்பவர்கள், அவர்களுக்கும் தெரியாதவை உண்டு.

தீக நிகாயத்தில் ஒரு கதை. நிலம், நீர், தீ, காற்று நான்கும் மிச்சமில்லாமல் எங்கே ஒழியும் என்று ஒரு பிக்குவுக்குச் சந்தேகம். தியான பலத்தால் தேவலோகம் போய்க் கேட்கிறார். ஒவ்வொரு தளத்திலும் எங்களுக்குத் தெரியாது, மேலே கேளுங்கள் என்று அனுப்புகிறார்கள், அச்சு அசல் அரசு அலுவலகம் போல. கடைசியில் மகாபிரம்மாவே ஒளி வீசிக்கொண்டு தோன்றுகிறார். பிக்கு கேள்வியைக் கேட்கிறார். "நான் பிரம்மா, மகாபிரம்மா, வெல்லப்படாதவன், எல்லாம் காண்பவன், படைப்பவன்" என்கிறார் அவர். நீங்கள் யார் என்று கேட்கவில்லையே, பூதங்கள் எங்கே ஒழியும் என்றல்லவா கேட்டேன் என்கிறார் பிக்கு. மறுபடியும் அதே விருதாவளி. மூன்றாவது தடவை கேட்டதும் பிரம்மா பிக்குவின் கையைப் பிடித்து ஓரமாகக் கூட்டிப்போய்ச் சொல்கிறார்: "எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று இந்தத் தேவர்கள் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள், அதனால் அவர்கள் முன்னால் சொல்லவில்லை. எனக்கும் தெரியாது. புத்தரை விட்டுவிட்டு இங்கே வந்தது உன் தப்பு, போய் அவரையே கேள்."

இதை எழுதியவர்களை நாத்திகர் என்பதா, ஆத்திகர் என்பதா? நம் இரண்டு பெட்டியிலும் அடங்க மாட்டார்கள்.

சோதித்துப் பார் என்பது கேசபுத்தத்தில் காலாமர்களுக்குச் சொன்னது. கேள்விப்பட்டதை நம்பாதே, வழிவழியாக வந்ததை நம்பாதே, நூலில் இருக்கிறது என்று நம்பாதே, இவர் நம் குரு என்று நம்பாதே, எல்லாம் உண்மைதான். ஆனால் அதே பட்டியலில் தர்க்கத்துக்குப் பொருந்துகிறது, யோசித்து ஏற்றுக்கொண்ட கருத்தோடு ஒத்துப்போகிறது என்பதற்காகவும் நம்பாதே என்று இருக்கிறது. நீங்கள் சொன்னதில் அந்த வரிகளைக் காணோம். பேராசையும் வெறுப்பும் மயக்கமும் ஒருவனை எங்கே கொண்டுபோய் விடுகின்றன என்று பாருங்கள், அறிவுடையோர் எதைப் பழிக்கிறார்கள் என்று பாருங்கள், அதை வைத்து முடிவெடுங்கள் என்கிறார்.

கல்தச்சன் எழுதியது:

பிரம்மா கதை பிரமாதம். ஆனால் மறுபிறப்பு? ஆன்மா இல்லை என்றும் சொல்வாராம், மறுபிறப்பு உண்டு என்றும் சொல்வாராம். போவது யார்?

நொச்சி எழுதியது:

இதைக் கிரேக்க வம்ச அரசன் மிலிந்தன் நாகசேனர் என்ற பிக்குவிடம் கேட்கிறான். அவர் பதில்: ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றினால் முதல் விளக்கின் சுடர் அதைவிட்டு இங்கே வந்துவிட்டதா? வரவில்லை. ஆனால் அது இல்லாமல் இது இல்லை. உங்களுக்கு இது திருப்தி தருமா தெரியாது. பௌத்தர்களே இதைப் பற்றி நூற்றாண்டுக் கணக்கில் சண்டை போட்டிருக்கிறார்கள்.

மோர்க்குழம்பு எழுதியது:

பௌத்தர் என்றால் சைவம்தானே? கொழும்பில் ஒரு பிக்கு மீன்குழம்போடு சோறு சாப்பிட்டதைப் பார்த்து எங்கள் சுற்றுலாக் குழு முழுக்க ஆடிப்போனது.

பனங்கூடல் எழுதியது:

நான் யாழ்ப்பாணம். இங்கே அது ஒருவருக்கும் புதினமில்லை. பிக்குவுக்குப் போடுகிறதைத்தான் சாப்பிட வேண்டும், இது வேண்டும் அது வேண்டும் என்று கேட்கக் கூடாது. தனக்காகக் கொன்றதைக் கண்டோ, கேள்விப்பட்டோ, சந்தேகப்பட்டோ இருந்தால் அந்த இறைச்சி ஆகாது. தேவதத்தன் என்ற பிக்கு மற்றப் பிக்குகளுக்கு மீனும் இறைச்சியும் கூடவே கூடாது என்று சட்டம் போடச் சொல்லிக் கேட்டான், புத்தர் மறுத்துவிட்டார். விரும்பியவன் தவிர்க்கலாம், கட்டாயம் இல்லை. யானை, குதிரை, நாய், பாம்பு, சிங்கம், புலி மாதிரிப் பத்து வகை மட்டும் முற்றாகத் தடை. மனித இறைச்சியும் அந்தப் பத்தில் ஒன்று! சீனாவிலும் வியட்நாமிலும் பிக்குகள் சைவம், அது மகாயானம் என்ற பௌத்தப் பிரிவின் வழக்கம்.

நொச்சி அண்ணை, நீங்கள் எழுதுகிறது எல்லாம் வாசிக்க நல்லாய்த்தான் இருக்கிறது. ஆனால் ஒரு பிழையான நம்பிக்கையை நீங்கள் தொடவேயில்லை. பௌத்தம் என்றால் அமைதி, பௌத்தர் வன்முறைக்குப் போகமாட்டார்கள் என்று இந்தியாவில் இருந்து கதைப்பது சுகம். 1959இல் பிரதமர் பண்டாரநாயக்காவைச் சுட்டது ஒரு பிக்கு. 1972 அரசியல் யாப்பில் பௌத்தத்துக்கு முதன்மை இடம் என்று எழுதினார்கள், 1978 யாப்பில் அது 9ஆம் உறுப்புரையாக இன்றும் இருக்கிறது. முல்லைத்தீவுப் பக்கம் குருந்தூர்மலையில் விகாரை கட்டுவது பற்றி இன்றைக்கும் பிரச்சினை. எங்கள் சனத்துக்குப் புத்தர் சிலை என்றால் தியானம் ஞாபகம் வராது, காணி போகப்போகுது என்ற பயம்தான் வரும்.

இரவுப்பணி எழுதியது:

புத்தர் சொன்னது வேறு, ஆட்கள் செய்வது வேறு இல்லையா?

பனங்கூடல் எழுதியது:

எல்லாச் சமயத்துக்கும் இதே பதிலைத்தான் சொல்வார்கள் தம்பி. பிறகு எந்தச் சமயமும் எதற்கும் பொறுப்பில்லை.

நொச்சி எழுதியது:

பனங்கூடல் சொல்வதற்கு நான் மறுப்பு எழுதப் போவதில்லை. முதல் பதிவிலேயே இதை எழுதியிருக்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால் நியாயம்தான். பௌத்தம் என்பது பாலி நூல் மட்டும் இல்லை, அரசும் நிலமும் சங்கமும் சேர்ந்ததுதான். மியன்மாரிலும் ரோஹிஞ்சா முஸ்லிம்களுக்கு எதிராக வெறுப்பைப் பேசியவர்களில் பிக்குகள் இருந்தார்கள்.

இதன் மறுபக்கமாக இன்னொரு தவறு: பௌத்தம் என்றால் சிங்களம் என்பது. உறையூர்க்காரரான புத்ததத்தர் பாலியில் எழுதினார். நாளந்தாவில் தலைமை வகித்த தர்மபாலர் காஞ்சிக்காரர். ராஜராஜன் காலத்தில் ஸ்ரீவிஜய அரசன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் கட்ட, ஆனைமங்கலம் கிராமத்தை அதற்கு விட்டுக்கொடுத்த செப்பேடு இன்றும் இருக்கிறது. சம்பந்தர் காலத்தோடு பௌத்தம் துடைத்தெறியப்பட்டது என்பவர்களுக்கு இந்தச் செப்பேடு ஒன்றே போதும், அது அவருக்கு முந்நூறு வருடத்துக்கும் மேல் பிந்தியது. நாகப்பட்டினத்தில் மண்ணுக்கடியிலிருந்து கிடைத்த புத்தர் படிமங்கள் முந்நூறுக்கும் மேல்.

நிர்வாகி எழுதியது:

இலங்கை அரசியலுக்குத் தனி இழை இருக்கிறது. இங்கே இரண்டு தரப்பும் சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. பதிவுகள் எதையும் நீக்கவில்லை.

செங்கழுநீர் எழுதியது:

புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்று இதுவரை யாரும் எழுதவில்லை. ஆச்சரியம்.

மோர்க்குழம்பு எழுதியது:

எழுதலாம் என்றுதான் இருந்தேன், பயந்து விட்டுவிட்டேன்.

செங்கழுநீர் எழுதியது:

பயப்பட என்ன இருக்கிறது? புராணங்கள் சொல்வது அது. பௌத்தர்கள் ஏற்பதில்லை. 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அம்பேத்கர் பெரும் கூட்டத்தோடு பௌத்தம் தழுவியபோது ஏற்றுக்கொண்ட 22 உறுதிமொழிகளில் ஐந்தாவதே அதை மறுப்பதுதான். அவருக்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, 1898இல், அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கிவிட்டார். 1907 முதல் ஒரு பைசாவுக்கு வாரப் பத்திரிகையும் நடத்தினார். இன்றைக்கும் பலர் பௌத்தம் தமிழ்நாட்டுக்கு வெளியிலிருந்து வந்த புதுச்சரக்கு என்று பேசுகிறார்கள்.

சேலம் பெரியேரி தலைவெட்டி முனியப்பன் வழக்கு ஞாபகம் இருக்கிறதா? நீதிமன்றம் கேட்டுத் தொல்லியல் வல்லுநர்கள் சிலையைச் சுத்தம் செய்து பார்த்தார்கள். தாமரைப் பீடம், தியான முத்திரை, சுருள் முடி, தொங்கும் காது மடல். 2022இல் சென்னை உயர் நீதிமன்றம் அது புத்தர் சிலைதான் என்று ஏற்றது. அதுவரை அவருக்குச் சந்தனமும் குங்குமமும் பூசிக் கும்பிட்டு வந்தார்கள். கும்பிட்டவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்கள் கும்பிட்டதால்தான் அந்தச் சிலை தப்பியது என்பது என் கட்சி.

கல்தச்சன் எழுதியது:

என் நண்பன் பத்து நாள் விபாசனா தியான முகாமுக்குப் போய்வந்து தன்னைப் பௌத்தன் என்கிறான். தியானம்தானே எல்லாம்?

நொச்சி எழுதியது:

இல்லை. இலங்கை, தாய்லாந்து கிராமங்களில் பௌத்தக் குடும்பத்தின் நடைமுறை பிக்குவுக்கு உணவிடுவது, ஐந்து சீலம் (ஒழுக்க விதிகள்) எடுப்பது, பௌர்ணமிக்கு விகாரைக்குப் போவது. சாதாரண மக்கள் கூட்டமாக உட்கார்ந்து தியானம் செய்யும் இயக்கம், ஆங்கிலேயர் ஆண்ட பர்மாவில் லெடி சயாடோ போன்ற பிக்குகளால் வளர்ந்தது. அந்தப் பரம்பரையில் வந்த கோயங்கா மண்டலேயில் பிறந்த வியாபாரி, 1969இல் இந்தியாவுக்கு வந்து முகாம்களைத் தொடங்கினார். முகாம் நல்லதுதான், ஆனால் அது ஒரு வாசல்.

இரவுப்பணி எழுதியது:

கடைசியாக ஒன்று. இதெல்லாம் துறவிகளுக்கு. வேலை, மனைவி, இரண்டு பிள்ளை என்று இருக்கும் எனக்கு அவர் ஏதாவது சொன்னாரா?

நொச்சி எழுதியது:

உங்களை மாதிரியே ஒருவர் கேட்டிருக்கிறார். கோலியர் நாட்டில் தீகஜாணு என்பவர். நாங்கள் பிள்ளைகுட்டியோடு படுத்துறங்குபவர்கள், காசிச் சந்தனம் பூசுகிறோம், பூ வைத்துக்கொள்கிறோம், பொன்னையும் வெள்ளியையும் கையில் தொடுகிறோம், எங்களுக்கு ஏற்றதாகச் சொல்லுங்கள் என்கிறார். அதற்குப் புத்தர், அதையெல்லாம் விடு என்று சொல்லவில்லை. தொழிலில் சுறுசுறுப்பாக இரு, சம்பாதித்ததைக் காப்பாற்று, நல்ல சேர்க்கை வைத்துக்கொள், வரவறிந்து செலவு செய் என்கிறார். அதன் பிறகுதான் நம்பிக்கை, சீலம், ஈகை, ஞானம் எல்லாம்.

சிகாலன் என்ற இளைஞனுக்குச் சொன்னது இன்னும் நுணுக்கம். வருமானத்தை நாலு பங்கு வை. ஒன்றைச் செலவழி, இரண்டைத் தொழிலில் போடு, நாலாவதை ஆபத்துக்கு எடுத்து வை என்கிறார். கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவை ஐந்து. மதிப்பது, இழிவாகப் பேசாதது, துரோகம் செய்யாதது, வீட்டு அதிகாரத்தை அவளிடம் கொடுப்பது, ஐந்தாவது நகை வாங்கித் தருவது.

மோர்க்குழம்பு எழுதியது:

ஐந்தாவதை என் வீட்டில் யாரும் படிக்கக் கூடாது.

செங்கழுநீர் எழுதியது:

உங்கள் வீட்டம்மாவின் எண்ணைக் கொடுங்கள், நான் அனுப்புகிறேன்.

இரவுப்பணி எழுதியது:

நாலு பங்கு சரி. வீட்டுக் கடன் மாதத் தவணை எந்தப் பங்கில் வரும்?

நொச்சி எழுதியது:

அதற்கும் ஓர் இடம் இருக்கிறது. பெரிய செல்வந்தரான அனாதபிண்டிகரிடம் இல்லறத்தானுக்குக் கிடைக்கும் நான்கு சுகங்களைச் சொல்கிறார்: பொருள் இருக்கும் சுகம், அதை அனுபவிக்கும் சுகம், கடனில்லாத சுகம், பழியில்லாத சுகம்.

இரவுப்பணி எழுதியது:

அப்படியானால் 2041 வரை எனக்கு மூன்றாவது கிடையாது.